அடிக்கோடு போட எந்த டேக்: யு, இன்ஸ், சிஎஸ்எஸ்?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் விதைநெல், தண்ணீர் திறப்பு, பயிர்க் காப்பீடு என்று எல்லா அறிவிப்பையும் இப்போது போனிலேயே படிக்கிறார்கள். இணையப் பக்கத்தைச் செய்பவர் முக்கியமான வரி வந்ததும், அடிக்கோடு காட்டும் குறியான யு டேக்கைப் போட்டுவிடுகிறார். படிப்பவரோ அதை லிங்க் என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார். பாவம், ஒன்றும் திறக்காது.

யு டேக்குக்கு அந்த வேலையே கிடையாது. இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 1997-இல் வந்த 4-ஆம் பதிப்பு அதை வேண்டாம் என்று ஒதுக்கியது. 2014-இல் ஹெச்டிஎம்எல் 5 புது வேலை கொடுத்துத் திரும்பச் சேர்த்தது: வாசிக்கும்போது குரலில் வராத, கண்ணுக்கு மட்டுமான குறிப்பு. எழுத்துப்பிழையைக் காட்டுவது அதில் ஒன்று. யாரோ ‘குருவை’ என்று எழுதியிருந்தால் அதன்கீழ் யு போடலாம். சரியாக எழுதிய ‘குறுவை’யை எடுப்பாகக் காட்ட அது வேண்டாம்.

இன்ஸ் டேக்கும் பார்வைக்கு அதே கோடுதான். ஆனால் ‘இது பிறகு சேர்த்தது’ என்று அது சொல்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் ஏடிடி 43 விதைநெல் புதன்கிழமை கொடுப்பதாகப் போட்டு, பிறகு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தால், புதனை டெல் டேக்கிலும் வெள்ளியை இன்ஸ் டேக்கிலும் வையுங்கள். பழைய நாள் அடிபட்டு நிற்கும், புது நாள் கோட்டோடு தெரியும். எப்போது மாற்றினோம் என்பதையும் டேட்டைம் பண்பில் எழுதிவைக்கலாம். முதலில் புதன் என்று படித்துவிட்டுப் போனவருக்கு, நாள் மாறியது பார்த்ததும் புரியும். இவ்வளவு உதவியான டேக்கை யாரும் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

வெறும் அழகுக்குக் கோடு வேண்டுமென்றால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-டெகரேஷன் போதும். ஆனால் தமிழில் ஒரு சிக்கல். கு, று போன்ற எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கும். அங்கெல்லாம் பிரவுசர் கோட்டை விட்டுவிட்டுப் போடும். ‘குறுவை’யில் ‘வை’க்கு அடியில் மட்டும் கோடு மிஞ்சலாம். டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்டை 0.25 எம் அளவுக்கு (எழுத்தளவில் கால் பங்கு) வைத்தால் கோடு கொஞ்சம் கீழே இறங்கி முழுசாகத் தெரியும். எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ் டேக்குக்கும் இதையே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், முக்கியமான வரிக்கு என்ன செய்வது? ஸ்ட்ராங் டேக். தடித்த எழுத்து தமிழில் நன்றாகவே எடுபடும், லிங்க் என்று யாரும் ஏமாறவும் மாட்டார்கள்.