3+1 காம்பன்சேட்டிங் டியூபா: கீழே இறங்கினாலும் சுருதி நிற்கிறது, ஆனால்...

நான் வாசிப்பது இ-ஃபிளாட் டியூபா, அடி ஸ்வரங்களுக்கான பெரிய பித்தளை ஊதுகருவி. வலது கைக்கு மூன்று பிஸ்டன் வால்வுகள், பக்கவாட்டில் இடது கைக்கு நான்காவது. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது வரும் சுருதிப் பிழையைத் தானே ஈடுசெய்யும் காம்பன்சேட்டிங் அமைப்புக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வால்வை அழுத்தினால் காற்றின் பாதையில் கொஞ்சம் குழாய் சேர்கிறது, சுருதி இறங்குகிறது. ஆனால் ஒரு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளி) இறங்க எவ்வளவு குழாய் வேண்டும் என்பது, ஏற்கெனவே எவ்வளவு குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுமார் 13 அடி நீளமுள்ள இ-ஃபிளாட்டில் 9 அங்குலத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். நான்காவது வால்வை அழுத்திய பிறகு அதே செமிடோனுக்கு 12 அங்குலத்துக்கு மேல் தேவை, செமிடோன் இறக்கும் இரண்டாவது வால்விலோ இருப்பது அதே பழைய 9 அங்குலம்தான். இதனால்தான் வால்வுகளைச் சேர்த்து அழுத்த அழுத்த சுருதி ஏறிப்போகிறது. 1, 3 சேர்ந்தால் கணக்குப்படி சுமார் 30 சென்ட் (ஒரு சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) ஏறும், முதல் மூன்றும் சேர்ந்தால் 50 சென்டையும் தாண்டும், அதாவது அரை செமிடோன்! சாதாரண நான்கு வால்வு டியூபாவில், ஸ்லைடை (நீளத்தைக் கூட்டக் குறைக்க உதவும் நகரும் குழாய்) இழுக்காமல் நான்கையும் அழுத்தினாலும் பெடல் நோட்டுக்கு (வால்வு எதையும் அழுத்தாமல் வரும் மிக அடி ஸ்வரம்) நேர் மேலே உள்ள ஸ்வரம் கிடைக்கவே கிடைக்காது.

1874-ல் டேவிட் பிளெய்க்லி காப்புரிமை பெற்ற வழி இதற்கு அருமையான பதில். நான்காவது வால்வை அழுத்தியதும், காற்று அதன் குழாயைச் சுற்றிவிட்டு மறுபடியும் முதல் மூன்று வால்வுகள் வழியாகவே திரும்புகிறது. அவற்றில் எதை அழுத்தியிருக்கிறோமோ அதன் பின்னால் உள்ள சிறு வளையமும் அப்போது சேர்ந்துகொள்கிறது. விரல் வைப்பு மாறுவதில்லை. கீழ் ஸ்தாயியில் வேகமாக ஓடும் பகுதிகளை நம்பி வாசிக்க முடிகிறது, இது எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. அந்தக் கூடுதல் வளைவுகளால் கருவி கனக்கிறது, அடி ஸ்வரங்களில் காற்று கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கிறது, தண்ணீரும் வளையங்களில் தேங்குகிறது. இதைவிட முக்கியமானது, இடது கை நான்காவது வால்விலேயே மாட்டிக்கொள்வது. முன்பக்கம் வால்வு உள்ள டியூபாவில் இடது கை சும்மா இருக்கும், வாசித்துக்கொண்டே முதல் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்யலாம், இங்கே அது சுலபமில்லை. அப்புறம், நான்காவதை அழுத்தாத வரை இந்த அமைப்பு வேலையே செய்யாது, எனவே 1-3 வரும் இடத்தில் 4, 1-2-3 வரும் இடத்தில் 2-4 என்று பழகியே ஆக வேண்டும். ஐந்தாம் பார்ஷியல் (ஒரே விரல் வைப்பில் உதட்டால் மாற்றிக் கிடைக்கும் ஸ்வர வரிசையில் ஐந்தாவது) இயற்கையிலேயே 14 சென்ட் தாழ்ந்தது, அதை எந்த வளையமும் தூக்காது, உதடும் காதும்தான் தூக்க வேண்டும்.

கீழ் ஸ்தாயியில் அதிகம் வேலை இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இப்போதுதான் தொடங்குபவர்களுக்குச் சாதாரண நான்கு வால்வே தாராளம். வாங்குமுன் டியூனரை வைத்து 4, 2-4, 1-4, 1-2-4, 2-3-4 என்று வரிசையாக இறங்கி, கடைசியில் நான்கையும் அழுத்தி, மெதுவாக வாசித்துப் பாருங்கள்.