‘ஆர்கைவல் பிரிண்ட்’ என்று வாங்கிய எட்டுப் படங்கள்: ஓர் எச்சரிக்கை

என் தந்தை 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுள் எட்டைத் தேர்ந்தெடுத்து, நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து, சென்னையில் ஒரு பிரிண்ட் கடையில் ஏ2 அளவில் அச்சிடக் கொடுத்தேன். முழுப் பருத்தித் தாள், 310 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 310 கிராம் எடை), பிக்மென்ட் மை, ஆர்கைவல் (நெடுங்காலம் கெடாத) தரம் என்று உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, படத்துக்கு 2,800 ரூபாய் வீதம் 22,400 ரூபாய் செலுத்தினேன். பில்லில் ‘ஃபைன் ஆர்ட் பிரிண்ட் 8’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை; அதை அன்றே கவனிக்காதது என் பிழை.

பத்தாவது மாதத்தில், கண்ணாடி போடாமல் மாட்டியிருந்த இரண்டு படங்களில் சாம்பல் நிறப் பகுதிகள் பச்சையாகத் திரும்பின. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஆறும் அந்த அளவுக்குக் கெடவில்லை. இது பிக்மென்ட் மை அல்ல, டை மையோ என்ற முதல் ஐயத்தை இந்த வேறுபாடுதான் தந்தது. டை மையின் நிறம் தனித்தனி மூலக்கூறுகளாகத் தாளின் பூச்சுக்குள் ஊறியிருப்பதால், வெளிச்சம் மட்டுமன்றிக் காற்றிலுள்ள ஓசோனும் அதை எளிதில் சிதைக்கும். ஒவ்வொரு வண்ணமும் ஒவ்வொரு வேகத்தில் வெளுப்பதால், பல வண்ணங்களைக் கலந்து பெற்ற சாம்பல் நிறம் ஏதேனும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நுண்துகள்களாலான பிக்மென்ட் மை இவ்வளவு விரைவில் இப்படி மாறுவதில்லை.

அடுத்து, கெட்ட படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஏ2 தாளின் பரப்பு ஏறத்தாழக் கால் சதுர மீட்டர். எனவே 310 ஜிஎஸ்எம் தாள் 77 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 57 கிராம், அதாவது சுமார் 230 ஜிஎஸ்எம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கில் தாளின் பின்புறம் பளீரென நீலமாக ஒளிர்ந்தது. நல்ல பருத்தித் தாள்கள் சிலவற்றிலும் இப்படி ஒளிரும் வெண்மையூட்டி ஓரளவு கலந்திருக்கும் என்பதால், இதை மட்டும் கொண்டு யார் மீதும் குற்றம் சுமத்த மாட்டேன். ஆனால் கறுப்பு ஓரத்தில் விட்ட ஒரு சொட்டு நீரைப் பஞ்சால் ஒற்றியபோது ஊதா நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது.

கடையில் கேட்டதற்கு, “ஆசிட் இல்லாத தாள்தானே சார், அதுவும் ஆர்கைவல்தான்” என்றார். மரக்கூழ்த் தாளையும் அமிலமின்றித் தயாரிக்கலாம். அந்தச் சொல் பருத்திக்குச் சான்றாகாது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த இயந்திரம், ஆறு மைத்தொட்டிகளும் அவற்றுள் ஒரே கறுப்பும் கொண்ட டை பிரிண்டர். பளபளப்பில்லாத மேட் தாளுக்கென்று தனியாக மேட் பிளாக் மை அதில் இல்லை. என் படங்களில் கருமை தொடக்கத்திலேயே சற்று மங்கியிருந்ததற்கு ஐம்பதாண்டுப் பழைய நெகட்டிவையல்லவா நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!

அதே இயந்திரத்தில் மறுபடி அச்சிட்டுத் தருவதாகச் சொன்னதை மறுத்தேன். மூன்று முறை அலைந்தபின் 8,000 ரூபாய் திரும்பியது.

இப்போது வேறோரிடத்தில் இரண்டு படங்களை மட்டும் அச்சிட்டிருக்கிறேன். தாள் தயாரிப்பாளரின் பெயர், தாளின் பெயர், ஜிஎஸ்எம், மையின் வகை ஆகிய நான்கையும் பில்லில் எழுதக் கேட்டேன், தயங்காமல் எழுதினார்கள். சோதனைக்காக அச்சிட்ட துண்டையும் கேட்டு வாங்கி, பாதியைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மறுபாதியை அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.