ரோபோவுக்கு 14 பக்கம் எழுதியவன்: சென்டாய் ஆர்பிஜி, இரண்டரை வருடம் கழித்து

இரண்டரை வருடம், 47 செஷன். சூப்பர் சென்டாய் பாணியில் நானே ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு டேபிள்டாப் ஆர்பிஜியை (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஐந்து நண்பர்களோடு இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் இது சுயபுராணமாக இருந்திருக்கும். ஒரு வருடத்தில் எழுதியிருந்தால் ஒப்பாரி. இப்போது இரண்டும் அடங்கிவிட்டன, எழுதலாம்.

சென்டாய் தெரியாதவர்களுக்கு: அது ஒரு ஜப்பானிய டிவி தொடர் வரிசை. ஐந்து பேர், ஐந்து நிறம், வாரம் ஒரு அரக்கன், முடிவில் ராட்சத ரோபோ. பவர் ரேஞ்சர்ஸ் பார்த்தவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். 1992-இல் ஜப்பானில் வந்த ஜுரேஞ்சர் தொடரின் சண்டைக் காட்சிகளை வாங்கி, ஹெல்மெட் இல்லாத காட்சிகளை அமெரிக்க நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்துச் சேர்த்துத்தான் 1993-இல் பவர் ரேஞ்சர்ஸ் வந்தது. அதாவது, சண்டையும் ரோபோவும் பெரும்பாலும் அதேதான். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு வருகிற பாதியை மாற்றினார்கள், அது வேறு தொடராகிவிட்டது. திட்டமிடும்போது இந்த ஒரு விஷயத்தை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் மூன்று மாத உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

அந்த மூன்று மாதமும் நான் ரோபோ செய்துகொண்டிருந்தேன். ஐந்து வாகனங்கள், எது கை, எது கால், எந்த வரிசையில் சேர்ந்தால் என்ன பலம், ஒரு கால் பழுதானால் வேகம் எவ்வளவு குறையும் என்று 14 பக்கம். அறுகோணக் கட்டம் போட்ட நகர வரைபடம் வேறு. முதல் செஷன் நான்கு மணி நேரம் நடந்தது. ரோபோ வந்தது கடைசி இருபது நிமிடம். அதிலும் சிவப்பு வீரராக விளையாடியவர் மட்டும்தான் பகடை உருட்டினார் (இனி எல்லோரையும் அவரவர் நிறத்தாலேயே சொல்கிறேன்). மற்ற நான்கு பேரும் காக்பிட்டில் உட்கார்ந்து "அடி, அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிவியில் பார்க்க அது நன்றாகத்தான் இருக்கும். மேஜையில், நாலு பேர் சும்மா உட்கார்ந்து ஒருவர் சாப்பிடுவதைப் பார்ப்பது போல இருந்தது.

முதல் சென்டாய் தொடரான கோரேஞ்சர் 1975 ஏப்ரலில் தொடங்கி 84 எபிசோடு ஓடியது. அதில் ராட்சத ரோபோவே கிடையாது. 1979-இல் வந்த பேட்டில் ஃபீவர் ஜே-யில்தான் ரோபோ நுழைந்தது. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் 14 பக்கம் எழுதினேன். இன்று ரோபோ விதி அரைப் பக்கம்: ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ஸ்டீரிங் பிடிப்பார், அது சுற்றிச் சுற்றி வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பகடையைக் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும்போது "என் பக்கத்தில் என்ன உடைகிறது" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். கொடுத்த பகடை அந்தச் சண்டைக்குள் திரும்பி வராது. மொத்தம் பத்து நிமிடம். போதும்.

அடிப்படை விதிக்கு 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டின் பகடை முறையை எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆறுமுகப் பகடை, கூட்டுத்தொகையோடு கேரக்டரின் திறனைச் சேர்க்க வேண்டும். 10-உம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் நினைத்தது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 6-உம் கீழேயும் என்றால் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிற என் கை ஓங்கும். திறன் பூஜ்யமாக இருந்தால் 36-இல் 6 வாய்ப்புதான் முழு வெற்றிக்கு. +2 இருந்தால் 36-இல் 15. சென்டாய்க்கு இது பொருந்தக் காரணம் அந்த நடுத்தட்டு. அந்த விலையை உருட்டியவரே கட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவர் குறுக்கே விழுந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி சேர்த்தேன். ஒருவருக்காக இன்னொருவர் அடி வாங்குவதைத் தொடரில் எத்தனை முறை பார்த்திருப்போம்.

அடுத்தது ஃபினிஷர் பிரச்சினை, அதாவது அரக்கனை முடித்துவைக்கும் கடைசி ஆயுதம். இந்த வகை ஆட்டம் நடத்துகிற எல்லோருக்கும் இது வரும் என்று நினைக்கிறேன். "அவ்வளவு பெரிய பீரங்கி கையில் இருக்கிறது, அதை முதலிலேயே சுட்டால் என்ன?" என்று நீலம் முதல் சண்டையிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். தொடரில் இதற்குப் பதில் கிடையாது. எபிசோடு தொடங்கி இருபது நிமிடம் ஆகவில்லை, அதனால் சுடவில்லை. ஆனால் விளையாடுகிறவர் புத்திசாலித்தனமாக விளையாடத்தானே பார்ப்பார்? தேர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டத்தில் இரண்டாம் சுற்றிலிருந்து ஒரு பெரிய பகடையை மேஜை நடுவில் வைத்து, சுற்றுக்கு ஒன்றாக 6 வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். அதைக் கொண்டுவந்தேன். 6 வந்தால்தான் பீரங்கி.

எட்டு செஷன் இப்படி ஓடியது. என்ன ஆயிற்று? எல்லோரும் ஒளிந்துகொண்டு சுற்றுகளை எண்ண ஆரம்பித்தார்கள். "நான் தற்காப்பு." "நானும் தற்காப்பு." பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல 6-க்குக் காத்திருந்தார்கள். ஒன்பதாவது செஷனில் விதியை மாற்றினேன்: நடுப் பகடை சுற்றுக்குச் சுற்று ஏறாது. ஒருவருக்காக இன்னொருவர் விலை கட்டும்போது மட்டுமே ஏறும். அன்றைக்கே மேஜையின் சத்தம் மாறியது. "இதை நான் வாங்கிக்கிறேன்" என்று சண்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். 47 செஷனில் நான் செய்த திருத்தங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பெயர் அறிவிப்பு, அதாவது நானோரி, இன்னொரு தலைவலி. ஒவ்வொருவராகப் போஸ் கொடுத்து, தன் பெயரைச் சொல்லி, பின்னால் வெடி வெடிக்குமே, அதுதான். 1862-இல் மேடையேறிய ஒரு கபுகி நாடகத்தில் ஐந்து திருடர்கள் வரிசையாக நின்று தம் பெருமையைத் தாமே பாடும் காட்சி உண்டு. சென்டாய்க்கு அதுதான் பாட்டன் என்று சொல்வார்கள். சரி, மேஜையில்? முதல் மூன்று செஷன் ஒரே சிரிப்பு. நாலாவதில் மெய்க்கீர்த்தி படிப்பது போல ஆகிவிட்டது. பச்சைக்கு இயல்பாகவே கூச்சம். அவர் முறை வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இப்போது நான்கு பேருக்கும் ஒரே நிலையான வரிதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அந்த வாரம் யாருடைய நாளோ அவர் மட்டும் அன்று நடந்ததை வைத்துத் தன் வரியை மாற்றிச் சொல்வார். பச்சை ஒரு முறை பெயரைச் சொல்லிவிட்டு, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று நிறுத்தினார். அந்த வருடத்தின் சிறந்த நானோரி அதுதான்.

நிறப் பங்கீடு நான் பயந்த அளவுக்குச் சிக்கலாகவில்லை. சிவப்புதான் தலைவர், மஞ்சள் என்றால் சாப்பாட்டு ராமன், பிங்க் என்றால் பெண் என்றெல்லாம் ஆரம்பத்தில் ஒரு தயக்கம் இருந்தது. தொடர்களே அதை எப்போதோ உடைத்துவிட்டன: கோரேஞ்சரின் மஞ்சள் ஜப்பானியக் குழம்புச்சோற்றுப் பிரியர் என்றால், 1984-இன் பயோமேனில் மஞ்சள் ஒரு பெண். 1994-இன் ககுரேஞ்சரில் தலைமை வெள்ளை உடுத்திய பெண்ணிடம் இருந்தது. எங்கள் குழுவில் தலைமை என்பது ஒரு பேட்ஜ், செஷனுக்கு ஒருவர் குத்திக்கொள்வார். ஐந்து பேரும் வராத நாட்களில் மூன்று பேரை வைத்தே நடத்தினோம். 1981-இன் சன் வல்கன் மூன்று பேர் அணிதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மூன்று பேர் செஷன்கள்தான் நன்றாக வந்தன, இதை அந்த ஐந்து பேரிடமும் இன்னும் சொல்லவில்லை.

இனி, ஒப்பாரிப் பகுதி. தொடர் என்றால் சுமார் ஐம்பது எபிசோடு, அதனால் செஷனுக்கு ஒரு எபிசோடு என்று ஐம்பதுக்கும் தலா ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். வில்லன் பக்கம் மூன்று தளபதிகள். இரண்டாவது தளபதி 31-ஆம் எபிசோடில் சாக வேண்டும். பதினெட்டாவது செஷனில் பச்சை, அதே கூச்சக்காரர், வாளைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தளபதியின் எதிரில் உட்கார்ந்தார். "உங்களை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது?" என்று கேட்டார். உருட்டினார். இரண்டு ஆறு.

முழு வெற்றி. தளபதி மனம் மாற வேண்டும். எனக்கோ 31-ஆம் எபிசோடு போய்விடுமே என்ற பதற்றம். அதே செஷனின் முடிவில் பேரரசர் அவளைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிவிட்டேன். மேஜையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பச்சை தன் கேரக்டர் ஷீட்டை, அதாவது கேரக்டரின் விவரத் தாளை, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நான்கு மாதம் செஷன் நடக்கவில்லை. ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு விருந்தாளி. கடைசியில் நானே அழைத்து, நான் செய்தது தப்பு, அந்த முடிவை அழித்துவிட்டேன், அவள் சாகவில்லை என்று சொன்னேன். "சரி, எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தளபதி இப்போது அணியின் தளத்தில் வேண்டா வெறுப்பாக ரோபோவைப் பழுதுபார்க்கிறாள். எனக்குப் பிடித்த துணைக் கேரக்டர் அவள்தான்.

அதன் பிறகு ஐம்பது வரித் தாளைக் கிழித்துவிட்டேன். மூன்று செஷனுக்கு மேல் எதையும் திட்டமிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அரைத் தாளில் நான்கு வரி: இது யாருடைய நாள், அவருக்கு என்ன உறுத்தல், அந்த உறுத்தல் எந்தப் பொருளாக மாறுகிறது, மற்ற நால்வரில் யார் நல்லது செய்வதாக நினைத்து அதை மோசமாக்குவார். முன்பு ஒரு செஷனுக்கு ஆறு மணி நேரம் தயார் செய்வேன். இப்போது நாற்பது நிமிடம்.

மூன்றாவது வரி கொஞ்சம் விளக்க வேண்டும். சென்டாய் அரக்கர்கள் பெரும்பாலும் ஒரு விலங்கோ பொருளோ தலையாக முளைத்த ஆட்கள். பார்க்க அபத்தமாக இருக்கும், ஆனால் அந்த அபத்தம் ஒரு கருவி. எங்கள் மஞ்சள் யாருக்கும் "முடியாது" சொல்லத் தெரியாதவர். அந்த வாரத்து அரக்கன் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நெற்றியில் குத்தினால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். நகரமே தலையாட்டிக்கொண்டிருக்க, "மஞ்சளுக்குக் குத்து விழவே இல்லை, இவர் எப்போதும் இப்படித்தான்" என்று நீலம் கண்டுபிடித்த இடத்தில் ஆட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டியிருந்தது. எல்லோரும் சிரித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு மஞ்சள் அரக்கனைப் பார்த்து முதன்முதலாக "முடியாது" என்றார். அதற்கு நான் பகடையே கேட்கவில்லை.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. உறுத்தல் கேரக்டருடையதாக இருக்க வேண்டும், விளையாடுகிறவருடையதாக இருக்கக் கூடாது. பிங்க்கின் கேரக்டருக்கு நோயாளி அப்பா என்று ஒரு முறை எழுதிவிட்டேன். அவர் வீட்டிலும் அதே நிலைமை என்று எனக்குத் தெரியாது. மேஜையில் எக்ஸ் கார்டு வைத்திருந்தோம்; ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய முறை, அட்டையைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சி போய்விடும். தொட்டார், போய்விட்டது. இரண்டரை வருடத்தில் அது பயன்பட்டது இரண்டே முறை. இருந்தும் அது இல்லாமல் இந்த ஆட்டத்தை நடத்தச் சம்மதிக்க மாட்டேன்.

இன்னும் சரியாகாதவை சில உண்டு. சாதாரண அடியாட்களோடு சண்டை சலிப்பாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரே உருட்டில் முடித்துவிடுகிறேன். ரோபோவுக்குப் புதுப் பாகம் சேர்க்கும் எபிசோடுகள் பொம்மை விளம்பரம் போல ஆகிவிடுகின்றன. தொடரிலும் அது பொம்மை விளம்பரம்தான் என்பதால் இதற்கு மட்டும் நான் பெரிதாக வருந்துவதில்லை. ஒரே மாலையில் முடிகிற ஆட்டம் வேண்டுமென்றால் என் விதிகள் உங்களுக்கு உதவாது, மூன்று நான்கு செஷன் போன பிறகுதான் இது சூடு பிடிக்கும்.

கடைசியாக ஆறாவது ஆள். 30-ஆவது செஷனில் ஒரு நண்பர் சேர வேண்டும் என்றார், ஆனால் மாதம் ஒரு முறைதான் வர முடியும். அணியில் ஆறாவதாகச் சேருகிற வழக்கம் வேரூன்றியதே ஜுரேஞ்சரில்தான். அதில் ஆறாவதாக வந்த பச்சை வீரனுக்கு மிச்சமிருந்த ஆயுள் முப்பது மணி நேரம், அதனால் தேவைப்பட்டபோது மட்டும் வெளியே வருவான். அதைப் பார்த்து, வெள்ளி நிற வீரராகச் சேர்ந்த எங்கள் ஆறாவது நண்பருக்கு ஒரு வட்டம் வரைந்து பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தேன். அவர் வருகிற ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு கட்டம் அழியும். வராத நாட்களுக்குக் கதையிலேயே காரணம் கிடைத்துவிட்டது, வருகிற நாட்களில் மற்ற ஐந்து பேரும் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆபத்தான வேலை எதையும் அவரிடம் கொடுப்பதில்லை. அவர் அதற்காகவே கோபப்படுகிறார்.

இந்தச் சனிக்கிழமை அவர் வருகிறார். அந்த வட்டத்தில் இன்னும் ஒரு கட்டம் மீதி இருக்கிறது. தளபதி ஏதாவது வழி கண்டுபிடிப்பாளா என்று பச்சை நேற்று எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டார். நான் இன்னும் பதில் போடவில்லை, அரைத் தாளின் நான்காவது வரியைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.