கிட்டார் நெக்கிற்கும் பாடிக்கும் எந்த இயந்திரம்? ஆறு ஆண்டுப் பட்டறை அனுபவம்

கடந்த ஆறு ஆண்டுகளில் என் பட்டறையில் 41 எலக்ட்ரிக் கிட்டார்கள் செய்து முடித்திருக்கிறேன். பட்டறை என்பது கோவையில் வீட்டின் பின்புறம் உள்ள பத்துக்குப் பதினாறு அடித் தகரக் கொட்டகை. மின்சாரம் சிங்கிள் ஃபேஸ். அதற்குள் 14 அங்குல பேண்ட் சா (வளையப் பட்டை ரம்பம்), இரண்டு ரூட்டர்கள் (பிட் எனும் சுழலும் வெட்டலகால் மரத்தைக் குடைபவை), ஸ்பிண்டில் சாண்டர் (சுழலும் உருளையால் ஓரத்தைத் தேய்ப்பது), திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே தடிமனுக்கு இழைப்பது), டிரில் பிரஸ் (துளையிடுவது), ஒரு சிறிய சிஎன்சி (கணினி வழிநடத்தும் செதுக்கி) ஆகியவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. இவற்றை ஆசைப்பட்ட வரிசையில் வாங்கினேன். தேவைப்பட்ட வரிசை ஏறக்குறைய அதற்குத் தலைகீழானது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் வாங்கியது சிஎன்சி. அதன் வேலைப்பரப்பு 600க்கு 400 மி.மீ. ஸ்ட்ராட்டோகாஸ்டர் (இரண்டு கொம்புகள் உள்ள பிரபல எலக்ட்ரிக் கிட்டார் மாடல்) வகை உடல், அதாவது பாடி, அதில் தாராளமாக அடங்குகிறது. ஆனால் 648 மி.மீ. ஸ்கேல் நீளமுள்ள (கம்பியின் அதிரும் பகுதியின் நீளம்) கிட்டாரின் நெக் (விரல்கள் கம்பியை அழுத்தும் கழுத்துப் பகுதி), தலைப்பகுதியையும் சேர்த்தால் 650 மி.மீ.யைத் தாண்டும் என்பதை, பணம் கட்டி இயந்திரத்தை இறக்கி வைத்த பிறகே அளந்து பார்த்தேன். குறுக்காகச் சாய்த்து வைத்தால் பிட் சுற்றி வர இடம் போதவில்லை. விற்றவரிடம் கேட்டபோது, அளவைத் தாளில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆகவே நெக்கைப் பாதி செதுக்கி, டவல் பின்களை (சிறு உருளை முளைகளை) அடையாளமாக வைத்து நகர்த்தி, மீதியைச் செதுக்க வேண்டியதாயிற்று. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் கட்டைவிரல் உடனே கண்டுகொள்ளும் ஒரு மேடு நின்றது. ஒரே மாதிரியான பத்து நெக்குகளைச் செய்பவருக்குப் போதிய நீளமுள்ள சிஎன்சி லாபமானதே. ஒவ்வொருவர் கைக்கும் ஏற்பத் தடிமனை மாற்றும் எனக்கு அது அவ்வளவாக உதவவில்லை. இன்று என் சிஎன்சி முக்கியமாக எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) டெம்ப்ளேட்டுகளையும் (வெட்ட வழிகாட்டும் அச்சுகள்) ஃப்ரெட்போர்டின் (நெக்கின் மேல் ஒட்டும், விரல்கள் அழுத்தும் பலகை) வளைவையும் மட்டுமே செய்கிறது. அந்த டெம்ப்ளேட்டுகள் மிகத் துல்லியமானவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இயந்திரம் தேர்வு செய்யும்போது உடலையும் நெக்கையும் இரண்டு தனி வேலைகளாகவே பார்ப்பது நல்லது. உடல் சுமார் 45 மி.மீ. தடிமனுள்ள பலகை, வெளிக்கோட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பவருக்குத் தெரியாது. நெக் பொருந்தும் 16 மி.மீ. ஆழக் குழியும் பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அமரும் இடமும்தான் அதில் பிசகக் கூடாதவை. நெக்கிலோ முதல் ஃப்ரெட் (ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அருகே அரை மில்லிமீட்டர் கூடினாலே வாசிப்பவரின் கை சொல்லிவிடும். போதாக்குறைக்கு அது கம்பிகளின் இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

இரண்டு வேலைக்கும் பொதுவாக, அன்றாடம் ஓடுவது பேண்ட் சாதான். இன்று ஒரே ஓர் இயந்திரம் வாங்கக் காசிருந்தால் தயங்காமல் இதையே வாங்குவேன். உடலின் கொம்புகளைச் சுற்றி வளைத்து அறுக்கக் கால் அங்குல பிளேடும், பலகையைக் கிடையாகப் பிளக்க அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு மூன்று பற்கள் உள்ள பிளேடும் வைத்திருக்கிறேன். பிளேடு மழுங்கத் தொடங்கியதும் சத்தம் மாறுகிறது. அதைக் கவனிக்காமல் தள்ளினால் வெட்டு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். என் பேண்ட் சாவின் குறை அதன் உயரம். ஆறு அங்குலத்துக்கு மேல் பிளக்க முடியாததால், ஏழு அங்குல அகலப் பலகையைப் இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்து உடலின் முகப்பில் ஒட்டும் மெல்லிய மேல்பலகைகளுக்கு இன்னமும் மர மில்லுக்கே போகிறேன். வாங்குபவர்கள் பின்னாளில் உயர்த்துக்கட்டை (அறுக்கும் உயரத்தைக் கூட்டும் இடைத்துண்டு) பொருத்த முடிகிற வார்ப்பிரும்பு உடல் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ரூட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் மரம் பாழாவது பெரும்பாலும் இதில்தான். பேரிங் (டெம்ப்ளேட்டின் ஓரத்தில் உருளும் வளையம்) உள்ள பிட்டை டெம்ப்ளேட்டின் ஓரமாக இடஞ்சுழியாக ஓட்டினால் உடலின் வெளிக்கோடு அச்சு அசலாக வந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். ஒன்பதாவது கிட்டாரின் மகோகனி உடலில், கீழ்க்கொம்பின் முனையைத் திரும்பும் இடத்தில் பிட் மர ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) எதிராகக் கடித்தது. டக் என்று ஒரு சத்தம். கட்டைவிரல் அளவுள்ள சில்லு ஒன்று பிய்ந்து தகரத்தில் மோதியது. தூளுக்குள் அதைத் தேடி எடுத்து ஒட்டவே அரைமணி நேரம் ஆனது. அதன் பிறகு பேண்ட் சாவில் கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, ஸ்பிண்டில் சாண்டரில் அதை ஒன்றாகக் குறைத்து, ரூட்டருக்குக் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் விட்டுவைக்கிறேன். மேலும் கீழுமாக இரண்டு பேரிங் உள்ள பிட் இருந்தால், ரேகை எதிர்க்கும் பகுதி வரும்போது உடலைக் கவிழ்த்துப் போட்டு மறுபக்கத்திலிருந்து ரேகையோடு இறங்கி வெட்டலாம். பிட் சற்று விலை கூடுதல்தான். பிய்ந்த கொம்போடு ஒப்பிட்டால் மலிவு.

ரூட்டரின் குதிரைத்திறனைவிட அது பிடிக்கும் தண்டின் தடிமனைப் பாருங்கள். 6 மி.மீ. தண்டுள்ள நீளமான பிட் 45 மி.மீ. ஆழ வெட்டில் அதிர்கிறது, ஓரத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது. உடலுக்கு 12 மி.மீ. தண்டு பிடிக்கும் பெரிய ரூட்டரை மேசைக்கு அடியில் பொருத்தியிருக்கிறேன். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) குழிகளுக்கும் ட்ரஸ் ராட் (நெக் வளையாமல் தாங்க உள்ளே பதிக்கும் உலோகத் தண்டு) பள்ளத்துக்கும் ஒரு கைக்கு அடங்கும் சிறிய ட்ரிம்மர் ரூட்டர் போதும்.

அந்தப் பள்ளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நெக் மரம் இன்னும் நாற்சதுரக் கட்டையாக, ஒரு பக்கம் நேராக இருக்கும்போதே 6 மி.மீ. அகலத்தில் அதை வெட்டிவிட வேண்டும். பக்கங்களைச் சரிவாக அறுத்த பிறகு வழிகாட்டிச் சட்டத்தில் சாய்ப்பதற்கு நேரான ஓரம் கிடைக்காது. பிளேனரில் ஒரே நாளில் இறுதித் தடிமனுக்கு இறக்குவதையும் நான் விட்டுவிட்டேன். மேப்பிள் நெக் ஒன்று அவ்வாறு செய்த மூன்றாம் நாளே நடுவில் வில்லாக வளைந்திருந்தது. இப்போது மூன்று மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, குறைந்தது பத்து நாள் ஓய்வாகக் கிடக்கவிட்டு, மரம் திரும்புகிற அளவுக்குத் திரும்பிய பிறகே மீண்டும் சமன் செய்கிறேன்.

நெக்கின் பின்புற உருண்டைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம் என்பது என் முடிவு. பக்கவாட்டுத் தோற்றத்தைப் பேண்ட் சாவில் அறுத்து, முதல் ஃப்ரெட்டில் 21, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 23 மி.மீ. என்று இரண்டு இடங்களை மட்டும் அரத்தால் இறுதி வடிவத்துக்குக் கொண்டுவந்து, இடைப்பட்டதை அவற்றோடு இணைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசி உப்புத்தாளைப் பிடிக்கும் முன் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பேன்.

தூசியை நான் அலட்சியப்படுத்தினேன். ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரத்தை அறுத்த ஒரு வாரத்தில் முழங்கைவரை தடித்து அரித்தது. அந்த மரத்தூள் பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை வீட்டு வேக்குவத்தை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான தூசி உறிஞ்சியும் நல்ல முகக்கவசமும் இருக்கின்றன. உறிஞ்சியும் பிளேனரும் சேர்ந்து ஓடினால் மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து மோட்டார் முனகுவதால், இழைப்பு வேலையைக் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறேன்.