பில்லில் ‘புது டிஸ்க்’, சில்லில் கடைந்த பழசு: பழைய ஹைலக்ஸ் வைத்திருப்போர் கவனத்துக்கு

முன் சில்லின் நடுவில் ஃப்ரீ வீல் ஹப் (முன் சில்லை அக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் உள்ள பூட்டு) உள்ள பழைய ஹைலக்ஸ் டபிள்கெப்பை பிரேக் டிஸ்க் மாற்றக் கராஜில் விடுபவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். அப்படி விட்டு எடுத்த ஒரு வாகனம், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று திரும்பவும் கழற்றப்பட்டது. கராஜ் கொடுத்த பில்லில் டிஸ்க் 2, பேட் ஒரு செட், வீல் பேரிங் 4, கிரீஸ் சீல் 2 என்று இருந்தது. உள்ளே புதிதாக இருந்தது பேட் மட்டுமே.

டிஸ்க் பளபளவென்றுதான் இருந்தது. லேத்தில் கடைந்து வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் நடுவே உள்ள காற்றுத் துவாரத்துக்குள் டார்ச் அடித்தால் துரு செதில் செதிலாகத் தெரிந்தது. அதற்கு மேலேயே பெயின்ட். துவாரத்தின் இரு பக்கத் தகடுகளும் ஒரே கனம் இல்லை, வெளித்தகடு மெலிந்திருந்தது. ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் 18 மி.மீ. என்று வார்ப்பிலேயே இருக்கிறது. புதியது 20. மைக்ரோமீட்டர் காட்டியது 17.6. (வெர்னியரால் அளந்து ஏமாறாதீர்கள். ஓர விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும், அதையும் சேர்த்து அளந்துவிடும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும்.)

இந்த வகையில் டிஸ்க், சில்லைத் தாங்கிச் சுற்றும் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரைக் கழற்றி டிஸ்க்கை இழுத்தால் வராது. ஹப்பையே வெளியே எடுக்க வேண்டும். வேலைக்குக் கூலி கூட என்பதற்கு அதுதான் காரணம், ஏமாற்று வேலை ஒளிந்துகொள்வதும் அங்கேதான். ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். அந்த வாகனத்தில் நட்டின் மூலைகள் எல்லாம் உளி கொத்திய தழும்பு. நட்டைப் பூட்டும் வாஷரையும் மாற்றாமல், மடித்த காதையே திரும்ப மடித்திருந்தார்கள், பாதி கிழிந்து நின்றது.

உதறலின் மூலம் வேறு இடத்தில் இருந்தது. ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் பழைய துருவைச் சுரண்டவே இல்லை. அங்கே மயிரிழை அளவு துரு இருந்தாலும் டிஸ்க்கின் வெளிவட்டத்தில் அது பெரிதாகி ஆட்டமாகும். சுற்றும்போது ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் 0.25 மி.மீ. காட்டியது, 0.1 தாண்டினாலே கழற்றிப் பார்க்க வேண்டும். இதில் விஷயம் என்னவென்றால், கராஜிலிருந்து ஓட்டி வரும் நாளில் எதுவும் தெரியாது. உயர்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசி உரசி அங்கே மட்டும் தேயும். கனம் இடத்துக்கு இடம் மாறிய பிறகுதான், சில நூறு அல்லது ஆயிரம் கிலோமீட்டர் போய், பிரேக் மிதி அதிரும். அப்போது போய்க் கேட்டால் “நீங்கள் பிரேக்கைப் போட்டு எரித்துவிட்டீர்கள்” என்பார்கள்.

வீட்டிலேயே செய்வதானால் பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, அக்சிலை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி வேலை வேண்டாம். காலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஃப்ரீ வீல் ஹப்பைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுக்குக் கீழே கூம்பு வாஷர்கள் இறுகி நிற்கும். பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் தெறித்து வரும். நெம்பினால் ஹப் உடையும். ஹப் முகத்தை இரும்புப் பிரஷ் போட்டு உலோகம் தெரியும்வரை தேயுங்கள். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டே மாட்டுங்கள்.

பேரிங் இறுக்கத்தில் கண்மதிப்பு வேண்டாம். முதலில் ஹப் நட்டை 59 நியூட்டன் மீட்டர் இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் சுற்றிவிட்டு, தளர்த்தி, திரும்பக் கையால் இறுக்குங்கள். சில்லு போல்ட்டில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்தால் ஹப் சுற்றத் தொடங்கும் இழுவை ஏறத்தாழ 3 முதல் 5.5 கிலோவுக்குள் நிற்க வேண்டும். கூடினால் கிரீஸ் எரியும். குறைந்தால் டிஸ்க் ஆடி காலிபர் பிஸ்டனைப் பின்னால் தள்ளிவிடும், முதல் மிதியில் பிரேக் தாழும். அதற்கு மேல் வரும் பூட்டு நட்டை இறுக்கிய பிறகு தராசை மறுபடி வைத்துப் பாருங்கள், அளவு மாறியிருக்கும். காலிபர் போல்ட்டுக்கு 123 நியூட்டன் மீட்டர். வாகனத்தை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பம்ப் பண்ணுங்கள்.

கராஜில்தான் கொடுப்பதென்றால், பழைய டிஸ்க்கின் உள்பக்கத்தில் உளியால் ஒரு குறி போட்டுவிட்டுக் கொடுங்கள். மாற்றிய சாமான்களைப் பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். பேரிங் பெட்டி தர முடியாது, குப்பையில் போட்டாயிற்று என்றால் அங்கேயே சில்லைக் கழற்றச் சொல்லுங்கள்.