நெல் சாகுபடியைப் புதிராக்கிச் சொல்லித்தர: பண்ணை ஆட்டமா, ஸ்க்ராட்ச்சா?

எங்கள் பள்ளி திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம். பிள்ளைகளில் பலர் வீட்டில் வயல் உண்டு. விவசாயப் பாடத்தைப் புதிர் விளையாட்டாகக் கொடுக்கலாம் என்றபோது இரண்டு வழி இருந்தது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பண்ணை ஆட்டங்கள் ஒன்று. கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகளும் ஆட்டம் செய்யக்கூடிய கணினி மென்பொருளான ஸ்க்ராட்ச்சில் நாமே செய்வது இன்னொன்று. நான் ஸ்க்ராட்ச்சை எடுத்தேன்.

படம், சத்தம், வேகம் எல்லாவற்றிலும் பண்ணை ஆட்டம்தான் மேல். ஆசிரியருக்கு வேலையும் மிச்சம். விளம்பரத் தொல்லை மட்டும் உண்டு.

ஆனால் அதற்குள் இருப்பதை நம்மால் மாற்ற முடியாது. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இதுதான். கோதுமை விதைத்த சில நிமிடத்தில் அறுவடை வந்துவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் அப்படியா? கார் சாகுபடி ஜூன் வாக்கில், தென்மேற்குப் பருவமழையை நம்பி. பிசானம் அக்டோபர் வாக்கில், வடகிழக்கை நம்பி. பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, வாய்க்காலில் எப்போது விடுவார்கள், அதற்கு எத்தனை நாள் ரகம் தோதுப்படும் என்று பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிறார்கள். இந்தக் கணக்கைத்தான் பிள்ளைகள் போட்டுப் பழக வேண்டும்.

ஸ்க்ராட்ச்சில் நான் செய்த புகையான் புதிரைச் சொல்கிறேன். புகையான் என்பது நெல்லின் சாறை உறிஞ்சும் பூச்சி. திரையில் ஒரு வயல். நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்திருக்கும். ‘மருந்து அடி’, ‘தூரைப் பார்’ என்று இரண்டு பொத்தான். தூரை, அதாவது பயிரின் அடிப்பகுதியைப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் அப்பியிருக்கும். அடுத்து, தண்ணீரை வடிப்பதா, யூரியா போடுவதா? யூரியாவைத் தொட்டால் காய்ந்த வட்டம் பெரிதாகும். வடித்தவர்களுக்கு அடுத்த போக நடவு வரும். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் தூர்வரை இறங்கும், பூச்சி கட்டுப்படும். “சார், எங்க வயல்ல பட்டம் விட்டுத்தான் நட்டிருக்கு. எதுக்குன்னு இப்பதான் தெரியுது” என்றாள் ஒரு பிள்ளை. எனக்கு அது போதும்.

பராமரிப்பும் சுலபம்தான். போகம் மாறினால் வயலில் போய்ப் புதுப் படம் எடுத்து, பழைய படத்தை நீக்கிவிட்டு இதை ஏற்றிவிடலாம். ஊர்ப்பேச்சில் உள்ள சொல்லையே பொத்தானில் எழுதலாம். ஸ்க்ராட்ச் இலவசம், கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். முதல் புதிரைச் செய்து முடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அடுத்தவற்றுக்கு அதையே நகலெடுத்துத் திருத்தினால் ஆச்சு.

பெரியவர்களுக்கு, அதாவது விவசாயிகளுக்கே பயிற்சி தர இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் வைத்துப் பார்த்தது பிள்ளைகளிடம் மட்டும். கணினி இல்லாத பள்ளி என்றால் இதே புதிரை அட்டையில் வரைந்து ஆடலாம். அப்போதும் பண்ணை ஆட்டத்துக்குப் போக மாட்டேன்.

களக்காட்டுப் பக்கம் என்றால் நெல்லை விட்டுவிட்டு வாழை இலைப்புள்ளி நோயில் தொடங்குங்கள். அங்குள்ள பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற பயிர் அது.