விமானமாக ஐந்துக்கு இரண்டு, ரோபோவுக்கு நாலரை

பாதி விலைக்குக் கிடந்ததே என்று வாங்கிய ஒரு 1/72 (அசலில் 72இல் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் கிட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் அதை விமானமாக ஒட்டவே இல்லை. தயாரித்தவர் பெயர் வேண்டாம். பெட்டிப் படத்தில் கடலுக்கு மேல் கம்பீரமாகத் திரும்பிக்கொண்டிருக்கும், உள்ளே பார்த்தால் உடலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நகம் நுழையும், ஓரமெல்லாம் பிசிறு, அந்த ரகம். அலமாரியில் கிடந்த பண்டாய் ஹெச்ஜி 1/144 ஸாக்கு (ஜப்பானிய கண்டம் அனிமே தொடரில் வரும் ராட்சத ரோபோ) பொம்மைக்குப் பாகம் எடுக்கலாமே என்று தோன்றிய பிறகுதான் இதன் அருமை தெரிந்தது.

அளவு வேறாயிற்றே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கதைப்படி ஸாக்குவின் உயரம் 17.5 மீட்டர், 144ஆல் வகுத்தால் 12 சென்டிமீட்டர் சொச்சம். ஸ்பிட்ஃபயரின் நீளம் 9 மீட்டருக்குச் சற்று மேல், 72ஆல் வகுத்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே. பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. பைலட் பொம்மையை மட்டும் கண்ணில் படாமல் டிராயரில் போட்டுவிடுங்கள், அவன் பக்கத்தில் வந்து நின்றால் ராட்சத ரோபோ பாதியாகச் சுருங்கிவிடும்.

எல்லோரும் முதலில் இறக்கையைத்தான் பிடிப்பார்கள், நானும் அப்படித்தான். ஆனால் உண்மையான சரக்கு சின்னப் பாகங்களில் இருக்கிறது. எஞ்சினின் புகைபோக்கி வரிசை ஒவ்வொன்றும் அரிசி அளவு, அதை ஸாக்குவின் கெண்டைக்கால் ஓரத்தில் ஒட்டினால் அங்கே ஏதோ எரிந்து சூடு வெளியேறுகிற மாதிரி ஆகிவிடுகிறது. இறக்கைக்கு அடியில் வரும் ரேடியேட்டர் பெட்டி முதுகுப்பைக்குப் போனது. சக்கரங்கள் முழங்கால் மூட்டுக்கு மூடி. தரையிறங்கும் கால்கள் இரண்டையும் கணுக்காலுக்குப் பின்னால் செருகினேன், லாரி ஜாக்கி மாதிரி நிற்கின்றன, மொத்தத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். இறக்கை நுனிகளை வெட்டி முதுகில் மாட்டியதும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டிய இடத்தில் உள்ளே வெறும் பொந்து. பாகங்கள் கோத்து வந்த சட்டத்தின் துண்டுகளைப் பசையிலேயே கரைத்துக் கூழாக்கி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதே சட்டத்தில் ஒரு குச்சியை அகல் விளக்குச் சுடருக்குக் கொஞ்சம் மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் நூல் மாதிரி வரும். தலைக்கு ஆன்டெனா ரெடி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை நல்லதல்ல.

பசை விஷயத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் பச்சை மூடி மெல்லிய பசை ஒட்டும் பசையே அல்ல, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். விமானக் கிட் முழுக்கப் பாலிஸ்டைரீன், ஸாக்குவின் கவசமும் பெரும்பாலும் அதுதான், ஆகவே கல்யாணம் சுலபம். மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் மாதிரியான பாகம் பாலிஎதிலீன், அதில் பசையும் பிடிக்காது பெயின்ட்டும் நிற்காது. எது எது என்று குழம்ப வேண்டாம், பண்டாய் சட்டத்திலேயே PS (பாலிஸ்டைரீன்), ABS (இன்னொரு வகை கடின பிளாஸ்டிக்), PE (பாலிஎதிலீன்) என்று பொறித்திருப்பார்கள், வெட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள். கடையில் கட்டியே வரும் உருமாறும் ரோபோ பொம்மைகள் பெரும்பாலும் ஏபிஎஸ், அதற்கு இந்தப் பசையை நம்பாமல் சின்னத் துளை போட்டு பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி ஃபெவிக்விக் வைப்பதுதான் சரி. நான் அவசரப்பட்டுக் காயாத இறக்கையைப் பிடித்ததில் என் கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது, ஆதார் எடுத்த மாதிரி. தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

இன்னொரு குறை, எல்லா எடையும் முதுகில் ஏறியதால் ஸாக்கு மல்லாக்க விழுந்துகொண்டே இருந்தது. பாதத்துக்குள் தூண்டில் ஈயக் குண்டு இரண்டை வைத்து அடைத்த பிறகுதான் நின்றது. மேலே சாம்பல் பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்ததும் எது விமானம் எது ரோபோ என்று எனக்கே தெரியவில்லை, ஜெர்மன் சாயல் உள்ள ஸாக்கு பிரிட்டிஷ் எஞ்சின் புகைபோக்கியோடு நிற்பதைப் பார்த்தால் விமானப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

முதுகில் ப்ரொப்பெல்லரும் வைத்திருந்தேன். அக்கா மகன் வந்து, "மாமா, இது சுத்துமா?" என்று கேட்டுக்கொண்டே சுண்டிவிட்டான். அச்சுக்குள் பசை இறங்கி எப்போதோ இறுகிப் போயிருந்தது, மூன்று இதழில் ஒன்று கையோடு வந்துவிட்டது. ஆரம்பத்தில் வந்த ஸ்பிட்ஃபயர்கள் இரண்டு இதழ் மர ப்ரொப்பெல்லரோடுதான் பறந்தன என்று அவனுக்கும் எனக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்லி, மிச்ச இரண்டையும் எதிரெதிராக மாற்றி ஒட்டிவிட்டேன்.